ஓவியத்துக்குள் நடந்து போவது: இம்ப்ரெஷனிசச் சிற்பத் தோட்டம், ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ட்ரென்டன் நகரை ஒட்டி, ஹாமில்டன் என்று ஓர் ஊர். அங்கே 42 ஏக்கரில் ஒரு சிற்பத் தோட்டம் இருக்கிறது. பெயர் 'கிரவுண்ட்ஸ் ஃபார் ஸ்கல்ப்சர்'. ஒருகாலத்தில் மாநிலப் பொருட்காட்சி நடந்த திடல் அது. 1992-ல் தோட்டமாகத் திறந்தார்கள். வளைந்து போகும் பாதையில் நடந்தால் மயில் குறுக்கே போகும். பெரிய பெரிய நவீனச் சிற்பங்கள் வரும். அப்புறம் ஒரு திருப்பத்தில், ஒரு கூட்டமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வைக்கோல் தொப்பி, கையில்லாத பனியன், ஒருத்தி மடியருகே நாய்க்குட்டி. யாரும் அசையமாட்டார்கள். எல்லாம் வண்ணம் பூசிய வெண்கலம்.

எங்கோ பார்த்த முகங்களாக இருக்கும். பார்த்ததுதான். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1880-81-ல் வரைந்த 'படகு விருந்தின் மதிய உணவு' ஓவியத்தை அப்படியே சட்டத்திலிருந்து இறக்கி, ஆளுயரத்துக்கு வளர்த்து, வெளியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் இப்படி இன்னும் பல. அதே காலத்து இன்னோர் ஓவியர் மோனேயின் குடைப்பெண், மானே என்ற வேறோர் ஓவியரின் புல்வெளி விருந்து, ரெனுவாரின் நடன ஜோடி.

பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்சம் பின்னணி தெரிந்துகொண்டு போனால் இந்த இடம் வேறு மாதிரி திறந்துகொள்ளும். ஓவியம் பற்றி எதுவும் படிக்காதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சிலைகள் ஓவியத்தில் இருந்த ஆட்களைக் கொண்டுவருகின்றன, இம்ப்ரெஷனிசத்தை (ஒரு கணத்து ஒளியைப் பிடிக்க முயன்ற 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியப் பாணி அது) கொண்டுவருவது அன்றைக்கு அடிக்கும் வெயில். ஏன் அப்படி என்று பார்ப்போம்.

நிழலுக்கு என்ன நிறம்?

1860-களின் பாரிஸ். ஓவியராகப் பெயர் எடுக்க வேண்டும் என்றால் 'சலோன்' என்ற அதிகாரபூர்வக் கண்காட்சியில் இடம் கிடைக்க வேண்டும். நடுவர் குழுவுக்குப் பிடித்தவை புராணக் காட்சிகள், போர்கள், வரலாற்று நாயகர்கள். தூரிகைத் தடம் தெரியாமல் பளிங்கு போல வழவழப்பாக முடித்திருக்க வேண்டும். வெளியில் போய்க் குறிப்போவியம் எடுத்தாலும், பெரிய படத்தை அறைக்குள் உட்கார்ந்துதான் வரைந்தார்கள்.

மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி, பெர்த் மொரிசோ, டெகா என்று ஓர் இளவட்டம் இதில் சலித்துப்போய், 1874 ஏப்ரலில் தாங்களே சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோதான் இடம். அதில் மோனே வைத்திருந்த, பனி மூடிய துறைமுகத்தின் படத்துக்கு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று பெயர் (இம்ப்ரெஷன் என்றால் மனப்பதிவு). ஒரு நையாண்டிப் பத்திரிகையின் விமர்சகர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தையே கிண்டல் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சிகள்.

அவர்கள் வெளியே போய் வரைந்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒன்று, 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த தகர வண்ணக் குழாய். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள்; திறந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். குழாய் வந்தபின் வண்ணங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பலாம். இன்னொன்று ரயில். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்தால் பாரிஸ்காரர்கள் சிறிது நேரத்தில் அர்ஜான்டே, ஷாட்டு, பூகிவால் என்று சேன் நதிக்கரை ஊர்களில் இறங்கிவிடலாம். படகு, விருந்து, நடனம் எல்லாம் ஓவியத்துக்குள் வந்தது இப்படித்தான். கடவுளர்களை வரைந்த இடத்தில் விடுமுறை நாளைக் கழிக்க வந்த குமாஸ்தாவும் தையல்காரியும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் உண்மையான புரட்சி நிழலில் நடந்தது. இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெயில் சாயும் நேரத்தில், வானம் தெளிவாக இருக்கும்போது, மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் போய்ப் பாருங்கள். அதன் மடிப்புக்குள் விழும் நிழல் சாம்பல் நிறம் என்று மனசு சொல்லும். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பாருங்கள், அது நீலம். வெயில் நேரடியாகப் படும் பக்கத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். வெயில் படாத மடிப்புக்கு வெளிச்சம் வருவது வானத்திலிருந்து, அதனால் அங்கே நீலம். கீழே செங்கல் நிறத் தட்டோடு பதித்திருந்தால் வேட்டியின் அடி ஓரத்தில் லேசாகச் சிவப்பும் தெரியும். வெள்ளை வேட்டியில் உண்மையில் வெள்ளை எவ்வளவு குறைவு என்று ஆச்சரியமாக இருக்கும்.

இம்ப்ரெஷனிஸ்டுகள் வரைந்தது இதைத்தான். வேட்டியை வரையவில்லை, அந்த நேரத்தில் அதன் மேல் ஒளி செய்யும் வேலையை வரைந்தார்கள். பத்து நிமிடத்தில் ஒளி மாறிவிடும் என்பதால் வேகமாக, சின்னச் சின்னத் தீற்றல்களாக, வண்ணங்களை வழவழவென்று குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கிட்டே போனால் திட்டுத் திட்டாக இருக்கும். நாலடி பின்னால் வந்தால் தண்ணீர் மினுங்கும்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். ஒரு கணத்து ஒளியை, விளிம்பு மங்கிய உருவங்களை, தட்டையான ஒரு துணியில், ஒரே ஒரு கோணத்திலிருந்து காட்டுவது இந்தக் கலை. வெண்கலச் சிலையோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்பது, கெட்டியான விளிம்பு உள்ளது, எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். எல்லா வகையிலும் எதிரெதிர். பிறகு ஏன் ஒருவர் இதைச் செய்யத் துணிந்தார்?

ஸீவர்ட் ஜான்சன்

இந்தச் சிலைகளைச் செய்த சிற்பி இவர், 1930-ல் பிறந்தவர். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரின் பேரன். குடும்பக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். கம்பெனியை நடத்திய பெரியப்பா 1962-ல் அவரை வெளியேற்றிவிட்டார். முதலில் ஓவியம் வரைந்து பார்த்தார். சிற்பத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

அவர் பெயர் எடுத்தது சாதாரண மனிதர்களின் ஆளுயரச் சிலைகளில். நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவில், பெஞ்சில் உட்கார்ந்து கைப்பெட்டியைத் திறந்து சரிபார்க்கும் ஓர் ஆபீஸ்காரர் சிலை, 1982-ல் செய்தது. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அது தூசியும் காகிதமுமாக மூடிப்போனது, ஆனால் தப்பியது. அடுத்த நாட்களில் மக்கள் அதன் மேல் பூ வைத்தார்கள், கடிதம் வைத்தார்கள். அந்த இடத்தில் இறந்துபோன எல்லாருக்குமான ஓர் ஆளாக அது ஆகிவிட்டது. பொது இடத்தில் பீடம் இல்லாமல் நம் உயரத்திலேயே இருக்கும் சிலையோடு மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது ஜான்சனுக்கு நன்றாகத் தெரியும். இம்ப்ரெஷனிச ஓவியங்களை அவர் தொட்டதும் அந்த நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன். அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் ஆள்கூட இந்த மேசையில் வந்து உட்காருவார்.

1974-ல் ஹாமில்டன் பக்கம் ஒரு வார்ப்புக்கூடத்தை, சிற்பிகளுக்குப் பயிற்சியும் தரும் இடமாக, தொடங்கினார். அங்கே உருவாகும் சிற்பங்களைப் பொதுமக்கள் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் வந்ததுதான் தோட்டம். 2020-ல், 89 வயதில், காலமானார்.

களிமண்ணிலிருந்து வெண்கலம் வரை

சிலை எப்படி வார்க்கப்படுகிறது என்று தெரிந்தால் பார்க்கும் கண் மாறும். முறை மெழுகு வார்ப்பு. முதலில் களிமண்ணில் சின்ன மாதிரி, பிறகு அதையே ஆளுயரத்தில். அதன் மேல் ரப்பர் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகை ஊற்றிப் படியவிட்டால் உள்ளே கூடான மெழுகு உருவம் கிடைக்கும். அதைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, கெட்டியான ஓடு ஆக்குவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஓட்டை உடைத்து, கை, கால், உடல் என்று தனித்தனியாக வார்த்தவற்றைப் பற்றவைத்து, தையல் தெரியாமல் ராவி எடுப்பார்கள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் மெழுகு வார்ப்புதான். ஆனால் அவர்கள் மெழுகு உருவத்தையே கையால் நேராகச் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி வார்க்கிறார்கள். உருக்கியபின் மெழுகும் இல்லை, உடைத்தபின் அச்சும் இல்லை. ஒரு மூர்த்தி ஒருமுறைதான். ஜான்சனின் ரப்பர் அச்சு அப்படியே இருக்கும், அதிலிருந்து மறுபடி மெழுகு எடுக்கலாம். அதனால்தான் அவருடைய ஒரே சிலையை வேறு வேறு ஊர்களில் பார்க்க முடிகிறது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வண்ணம். நம் ஐம்பொன் சிலைக்கு உலோகத்தின் நிறமே நிறம். ஜான்சனின் ஆட்களுக்குச் சட்டை, தோல், உதடு என்று எல்லாவற்றுக்கும் வண்ணம் உண்டு. இங்கேதான் ஒரு நுணுக்கம். சிலையின் பாவாடை மடிப்புக்குள் ஓர் இருள் தெரிந்தால், அது பூசிய வண்ணமா, விழுந்த நிழலா? பக்கத்தில் போய் உங்கள் கையால் வெயிலை மறைத்துப் பாருங்கள். மறைத்தபின்னும் மாறாமல் இருப்பது வண்ணம், மாறுவது நிழல். மேகம் மூடிய நாளில் நிழல் எல்லாம் போய்ப் பூசிய வண்ணம் மட்டும் மிஞ்சும். ஓவியர் ஒருமுறை பார்த்து நிறுத்திவைத்த ஒளி அது. அதன் மேல் இன்றைய ஒளி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இந்த இரண்டு ஒளியும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதைப் பார்ப்பதற்காகவே நான் ஒருவரை அந்தத் தோட்டத்துக்கு அனுப்புவேன்.

மேசையைச் சுற்றி வாருங்கள்

ரெனுவாரின் விருந்துக்குத் திரும்புவோம். ஷாட்டுவில் சேன் நதியோரம் ஃபூர்னேஸ் குடும்பத்தின் உணவகம். அதன் பால்கனியில் ரெனுவாரின் நண்பர்கள். மொத்தம் 14 பேர். இடது முன்பக்கம் நாய்க்குட்டியைக் கொஞ்சுபவர் அலீன் ஷாரிகோ, தையல் வேலை செய்தவர், பின்னாளில் ரெனுவாரின் மனைவி. வலது முன்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பவர் கெய்போட், அவரும் ஓவியர். மேலே சிவப்புக் கோடு போட்ட துணிப்பந்தல். வெயில் அதில் வடிகட்டி வருவதால் எல்லார் முகத்திலும் ஒரே கதகதப்பு. மேசை விரிப்பை வெள்ளை என்று நாம் சொல்வோம். ரெனுவார் அதில் வைத்தது நீலமும் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும்.

ஓவியத்தின் முன் நிற்கும்போது நமக்கு ஓர் இடம்தான். மேசையின் இந்த ஓரம், அங்கே நின்றிருந்த ரெனுவாரின் இடம். தோட்டத்தில் ஜான்சன் இதற்கு 'உங்களை அழைத்தார்களா?' என்ற பொருளில் பெயர் வைத்து, உங்களை உள்ளே விட்டுவிடுகிறார். கெய்போட்டின் முதுகுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அந்த முதுகை ரெனுவார் வரையவே இல்லை. அலீனின் தொப்பியின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும், நாற்காலிக்குக் கீழே கால்கள் எப்படி மடங்கியிருக்கும், மற்றவர்களுக்குப் பின்னால் மறைந்தவருடைய மறுகை எங்கே இருக்கும், இதற்கெல்லாம் சிற்பி பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தச் சிற்பத்தில் பாதிக்கு மேல் ரெனுவார் தராதது, ஜான்சன் ஊகித்தது. போதாததற்குத் தன்னையும் தன் கலைஞர் நண்பர்களையும் பக்கத்து மேசையில் உட்காரவைத்திருக்கிறார். அவர்களைத் தேடிப் பாருங்கள்.

குடைப்பெண்ணை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். 1875-ல் மோனே வரைந்தது. மனைவி கமீய்யும் மகன் ஜானும். மோனே சரிவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து வரைந்தார், அதனால் அவள் வானத்தின் மேல் நிற்கிறாள். முகத்திரை காற்றில் பறக்கிறது. குடையின் அடிப்பக்கம் பச்சை. சட்டைக்கையில் கீழே பூத்த காட்டுப்பூக்களின் மஞ்சள் எதிரொளிக்கிறது. சிற்பத்தில் அவளோடு ஒரே மட்டத்தில் நின்று படம் எடுத்தால் எதுவும் நடக்காது. கீழே இறங்குங்கள், வேண்டுமானால் குத்தவைத்து உட்காருங்கள். பின்னால் இருக்கும் மரம் எல்லாம் விலகி அவளுக்குப் பின்னால் வானம் மட்டும் வரும் ஓர் இடம் இருக்கும். அங்கே ஓவியம் திடீரென்று சேர்ந்துகொள்ளும். மேகம் ஓடும் நாளாக இருந்தால் அசையாத பாவாடையும் அசைவது போல் இருக்கும்.

இதுதான் இந்தத் தோட்டத்தைப் பார்க்கும் வழி. மூல ஓவியத்தின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சிற்பத்தைச் சுற்றி நடந்து, படமும் காட்சியும் பொருந்தும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது ஓவியர் நின்ற இடம். பிறகு வேண்டுமென்றே அதை விட்டு விலகுங்கள்.

சில ஓவியங்களுக்கு அந்தப் புள்ளியே கிடைக்காது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மோனே 1867-ல் வரைந்த சான்-அத்ரெஸ் தோட்டம்: கடலோர மாடித்தளம், இரண்டு கொடிக்கம்பங்கள், நாற்காலியில் அப்பா, தூரத்தில் கப்பல்கள். மோனே மாடி ஜன்னல் உயரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதனால் தரை, கடல், வானம் மூன்றும் மூன்று பட்டைகளாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாற்போல இருக்கும். அந்தக் காலத்தில் பாரிஸில் எல்லாரும் வாங்கிக் குவித்த ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களிடம் கற்ற வித்தை இது. ஜான்சனின் வடிவத்தில் நீங்கள் தரையில் நடக்கிறீர்கள். கண் மட்டம் தாழ்ந்தவுடன் பட்டைகள் கலைந்து, தளம் தளமாகவே விரிந்துவிடுகிறது. வசதியாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது, ஆனால் ஓவியத்தில் இருந்த விறைப்பு காணாமல் போகிறது. அப்போதுதான் தெரியும், ஓவியத்தில் இருந்த அந்தத் தட்டைத்தன்மை தானாக வந்தது இல்லை, மோனே யோசித்து எடுத்த முடிவு. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இது இவ்வளவு தெளிவாக மனசில் ஏறாது.

மானேயின் 1863 புல்வெளி விருந்திலும் இப்படி ஒன்று உண்டு. உடையணிந்த இரண்டு ஆண்களுக்கு நடுவே ஆடையில்லாத பெண் உட்கார்ந்து நம்மையே பார்க்கும் படம். சலோன் தள்ளியது; தள்ளப்பட்ட படங்களுக்காக அந்த வருடம் தனியாக நடந்த கண்காட்சியில் தொங்கி ஊரையே கொதிக்கவைத்தது. (மானே இளைஞர்களுக்கு வழிகாட்டி போல இருந்தாரே ஒழிய, அவர்களுடைய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடக் கலந்துகொள்ளவில்லை.) படத்தின் பின்னால் தண்ணீரில் குனிந்து நிற்கும் ஒருத்தி, அந்தத் தூரத்துக்கு இருக்க வேண்டிய அளவைவிடப் பெரியவளாக இருக்கிறாள். சிற்பமாக்கும்போது இந்த முரண் தாங்காது. அவளுக்கு ஒரு நிஜ இடமும் நிஜ தூரமும் கொடுத்தே ஆக வேண்டும். படத்தையும் சிற்பத்தையும் ஒப்பிட்டு அவள் எங்கே போயிருக்கிறாள் என்று பாருங்கள்.

இது கலையா, பொம்மையா?

இந்தத் தொடரை 2003-ல் வாஷிங்டனின் கார்க்கரன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். மெழுகுப் பொம்மைக் காட்சி, பெரிய ஓவியங்களின் மலிவான நகல் என்ற ரீதியில். கூட்டத்துக்கோ குறைவில்லை. ஜான்சனுக்கு வாழ்நாள் முழுக்க இதுவே நடந்தது.

விமர்சகர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ரெனுவாரின் படத்தில் மதுக்கோப்பையின் ஊடாக ஒளி போகிறது. வெண்கலத்தின் ஊடாகப் போகாது. முகங்களை ரெனுவார் பாதி சொல்லிப் பாதி விட்டிருப்பார். சிற்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாக வேண்டும். அதே தோட்டத்தில் ஜார்ஜ் சீகலின் 'பெருமந்தக் கால ரொட்டி வரிசை' இருக்கிறது (1930-களின் பொருளாதார மந்தத்தில் இலவச ரொட்டிக்காக நின்றவர்களின் வரிசை). நிஜ மனிதர்களின் மேல் பிளாஸ்டர் கட்டு சுற்றி உருவம் எடுத்துச் சிற்பம் செய்தவர் அவர். சுவரோரம் வரிசையில் நிற்கும் அந்த ஆட்களுக்கு ஆளுக்கொரு வண்ணம் பூசி உயிர்ப்புக் காட்டும் முயற்சியே இல்லை. ஆனாலும், இல்லை, அதனாலேயே, அவர்களுடைய குளிர் நமக்கு உறைக்கிறது. ஜான்சனின் விருந்தையும் சீகலின் வரிசையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, மனசில் எது தங்குகிறது என்று கேட்டால் நான் சீகலைத்தான் சொல்வேன்.

இருந்தாலும் ஜான்சனைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. ஓவியம் பார்க்கப் பழகாதவர்களுக்கு இருக்கும் பெரிய தடை அறிவு இல்லை, கூச்சம். எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். புல்லில் உட்கார்ந்திருக்கும் வெண்கல ஆளின் தோளில் குழந்தை கை போடும்போது அந்தக் கூச்சம் அந்தக் குடும்பத்துக்கே போய்விடுகிறது. அதற்கப்புறம் மூல ஓவியத்தின் முன் நிற்பது, தெரிந்தவர் வீட்டுக்குப் போவது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வெண்கலத்துக்குப் பதில் செடி

இதே யோசனையை இன்னொரு பொருளில் செய்து பார்த்த இடம் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கிறது. காது கேளாதோர் பள்ளி முன்பு இருந்த இடத்துப் பூங்கா. சூரா வரைந்த 'கிராண்ட் ஜாட் தீவில் ஞாயிறு பிற்பகல்' ஓவியத்தை ஜேம்ஸ் மேசன் என்ற சிற்பி, உலோகச் சட்டங்களில் யூ என்ற ஊசியிலைச் செடியை வளர்த்து வெட்டி உருவாக்கினார். 54 மனிதர்கள், 8 படகுகள், 3 நாய்கள், ஒரு குரங்கு, ஒரு பூனை. மிகப் பெரிய உருவம் 12 அடி. சேன் நதிக்காக ஒரு குளமும் உண்டு.

மூல ஓவியம் 1886-ல், கடைசி இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. சூரா தீற்றல்களையும் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக வைத்தவர், அடுத்த தலைமுறை. அவருடைய ஓவியத்தில் ஆட்கள் ஏற்கெனவே சிலை மாதிரி விறைத்துத்தான் நிற்பார்கள், அதனால் செடி உருவத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் வண்ணம் முழுக்கப் போய்விட்டது, எல்லாமே பச்சை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஆயிரக்கணக்கான குட்டி இலைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளியை வாங்கித் திருப்பும். கிட்டே நின்று பார்த்தால் புள்ளிகளால் ஆன உருவம்தான். ஓவியத்தின் நெருக்கம் என்று பார்த்தால், வண்ணமே இல்லாத இந்தத் தோட்டம் வண்ணம் பூசிய வெண்கலத்தைவிட ஒருபடி முன்னால் நிற்கிறது என்பது என் கருத்து.

கிவெர்னியை இங்கே சொல்லாமல் போக முடியாது. பிரான்சில் மோனே 1883-லிருந்து வாழ்ந்த ஊர். 1893-ல் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஓடையைத் திருப்பி, குளம் வெட்டி, அல்லி வளர்த்து, ஜப்பானியப் பாணியில் பச்சைப் பாலம் போட்டார். பிறகு ஏறக்குறைய 250 முறை அந்த அல்லிக்குளத்தை வரைந்தார். வரைவதற்காகவே ஒரு தோட்டம் போட்டவர் அவர். ஹாமில்டன் தோட்டத்தில் 'ராட்ஸ்' என்ற உணவகத்துக்குப் பக்கத்தில் ஓர் அல்லிக்குளமும் வளைந்த பாலமும் உண்டு, கிவெர்னியை நினைத்துக் கட்டியவை. தோட்டம் முழுக்க எனக்கு மிக இம்ப்ரெஷனிசமாகத் தோன்றும் இடம் அந்தத் தண்ணீர்தான். அங்கே யாரும் எதையும் வார்க்கவில்லை. காற்று கொஞ்சம் அடித்தால் பாலத்தின் பச்சை உடைந்து துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதக்கும். அந்தத் துண்டுகள்தான் மோனேயின் தீற்றல்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

நண்பகலைத் தவிருங்கள். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். சிலைகள் வண்ணம் பூசிய பொம்மைகளாகவே தெரியும். காலையில் திறந்தவுடனோ மூடுவதற்குச் சில மணி நேரம் முன்னாலோ போனால் பக்கவாட்டு ஒளி கிடைக்கும், நிழல் நீளும், நீலம் தெரியும். இரண்டு நேரமும் முடிந்தால் ஒரே சிற்பத்தை இரண்டு தடவை பாருங்கள். முப்பது சிற்பங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நான்கை இப்படிப் பார்ப்பது மேல். இலையுதிர் காலம் அருமையாக இருக்கும், குளிர்காலத்தில் பனி போர்த்திய விருந்து மேசை வேறு ஓர் அனுபவம். சிற்பங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், அதனால் நுழைவாயிலில் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்வது நல்லது. சில சிற்பங்களில் ஆடையில்லாத உருவங்கள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகலாம்.

எடிசன், பிரின்ஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இது காரில் கொஞ்ச தூரம்தான். நியூயார்க்கிலிருந்து வருபவர்கள் பென் ஸ்டேஷனில் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில் பிடித்து ஹாமில்டனில் இறங்கி, அங்கிருந்து டாக்சி எடுக்கலாம்.

அந்த ரயில் பாதையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மூல ஓவியங்களில் மூன்று அதே கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன. சான்-அத்ரெஸ் தோட்டம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில். படகு விருந்து வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலெக்ஷனில். டங்கன் ஃபிலிப்ஸ் அதை 1923-ல் 1,25,000 டாலருக்கு வாங்கினார். குடைப்பெண் அதே வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில், அங்கே நுழைவு இலவசம். வழியில் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினால் பார்ன்ஸ் அறக்கட்டளையில் 181 ரெனுவார்கள்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், தோட்டத்தை முதலில் பாருங்கள் என்பேன். கெய்போட்டின் முதுகையும் அலீனின் நாற்காலிக் கால்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஃபிலிப்ஸ் கலெக்ஷனுக்குப் போங்கள். அந்த ஓவியம் கிட்டத்தட்ட 130-க்கு 175 சென்டிமீட்டர்தான்; ஆளுயர மேசையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு முதலில் சின்னதாகத் தெரியும். அப்புறம் மேசை விரிப்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.